பதில்: பாடும்போதே நின்றுவிடும் விஎஸ்-880

ஐயா, உங்கள் ரோலண்ட் விஎஸ்-880 எட்டு டிராக் ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி முதலில் ஒன்று: வட்டைத் துடைத்துவிடும் 'இனிஷியலைஸ்' கட்டளையைத் தொடாதீர்கள். உங்கள் தந்தையார் பாடிய பதிவுகள் அத்தனையும் அழிந்துவிடும்.

'டிரைவ் பிஸி' என்று திரையில் வந்து பாட்டு நடுவில் நிற்கிறது, சில நாட்களாக டிக் டிக் சத்தமும் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் செய்தி மட்டும் வந்திருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். வெட்டி ஒட்டிய ஒலித்துண்டுகள் கருவிக்குள் உள்ள வட்டில் (ஹார்டு டிஸ்க்) சிதறிக் கிடந்தால், எட்டு டிராக்குக்கும் வேண்டிய தரவை வட்டால் நேரத்துக்கு எடுத்துத் தர முடியாது. பயன்படாத ஒலித்தரவை நீக்கும் 'சாங் ஆப்டிமைஸ்' கட்டளையால் சரியாகக்கூடும். அதன்பின் அன்டூ (செய்ததைத் திரும்பப் பெறும் வசதி) கிடையாது. ஆனால் சத்தமும் சேர்ந்தால் வட்டே தேய்கிறது என்று பொருள். 1996இல் வந்த கருவி அது. வட்டும் அந்தக் காலத்தது என்றால் வியப்பில்லை. ஆகவே ஆப்டிமைஸும் இப்போது வேண்டாம், வட்டில் எதையும் எழுதவே வேண்டாம்.

இன்றே டிஜிட்டல் வெளியீட்டைக் கணினியின் ஒலி இடைமுகத்தோடு இணைத்து, இரண்டிரண்டு டிராக்காக ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். எட்டுக்கு நான்கு முறை ஓட வேண்டும். பொறுமை தேவை, ஆனால் அந்தக் குரல் மிஞ்சும். தந்தையாரின் குரல் உள்ள டிராக்கை முதலில் எடுங்கள். பிறகு நான்கையும் ஒரே தாளத் தொடக்கத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

அணைக்கும்போது ஷிஃப்டும் ஸ்டாப்பும் அழுத்தி முறையாக மூடிய பிறகே மின்சாரத்தை நிறுத்துங்கள். வட்டைக் கழற்றிக் கணினியில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கக்கூடும்; ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் கைக்கு வந்தபின் வேறொரு 2.5 அங்குல ஐடிஇ (பழைய இணைப்பு வகை) வட்டு மாற்றலாம். எத்தனை பாட்டுகள் இருக்கின்றன?