“புயல் வராவிட்டால் பிரீமியம் வீண்தானே?”

கேள்வி: களியக்காவிளை பக்கம் எங்கள் வீடு. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். ஆயிரம் சதுர அடி. முன்பக்கம் கான்கிரீட், பின்னால் அடுக்களை மட்டும் ஓடு. 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது பக்கத்து விளையில் (தோப்பில்) நின்ற தென்னை அடுக்களை மேல் விழுந்தது. நகையை வைத்து ஒன்றரை லட்சம் வாங்கிச் சரிசெய்தோம். 2021 நவம்பர் மழையில் காம்பவுண்டுச் சுவர் சரிந்தது. இன்னும் கொஞ்சம் நகையை வைத்து 90,000 வாங்கினோம். இரண்டுக்கும் வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். இப்போது ஒரு அயனி மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. காற்றடித்தால் உறக்கம் வருவதில்லை. வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்றால், “புயல் வராவிட்டால் பணம் வீண்தானே?” என்கிறார் கொழுந்தன். அவர் ஏஜென்ட். வருஷம் 50,000 வீதம் பத்து வருஷம் கட்டும் யூலிப் பாலிசி (பங்குச்சந்தையோடு சேர்ந்த ஆயுள் காப்பீடு) போட்டால் பாதுகாப்பும் ஆச்சு, பணமும் வளரும் என்கிறார். பாறசாலையில் போட்ட சிட்டி (சீட்டு) முடிந்து அடுத்த மாதம் 2 லட்சம் கைக்கு வரும். அதிலிருந்து கொடுக்கட்டுமா? வீட்டுக்கடன் வாங்கியபோதே பேங்கில் ஒரு இன்சூரன்ஸ் போட்டார்கள். அது போதாதா?

பதில்: கொடுக்க வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: “வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம்.”

வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 12 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேலும் இருக்கலாம். ஒன்றரை லட்சத்துக்கு வருஷம் 18,000. ஒக்கி வந்துபோய் எட்டு வருஷம், ஆக 1,44,000. சுவருக்கு வாங்கிய 90,000-க்கு வருஷம் 10,800. நான்கு வருஷத்தில் சுமார் 43,000. இதுவரை வட்டியாக மட்டும் 1,87,000 போயிருக்கிறது. அசல் 2,40,000 அப்படியே நிற்கிறது, நகையும் அடகுக்கடை லாக்கரில்தான் இருக்கிறது. புயலும் மழையும் சேர்ந்து உங்களுக்கு வைத்த செலவே 2,40,000-தான். இன்னும் இரண்டு வருஷம் இப்படியே திருப்பி வைத்தால் வட்டி அதைத் தாண்டிவிடும். நாளைக்கு அந்த அயனி மரம் விழுந்தால் என்ன செய்வீர்கள்? மிச்சமிருக்கும் நகையையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குத்தான் போவீர்கள்.

சிட்டிப் பணத்துக்கு ஒரே வேலைதான். 1,50,000 கட்டி முதல் அடகை மீட்டுவிடுங்கள். மிச்சம் 50,000-ஐ இரண்டாவது கடனின் அசலில் போடுங்கள், பாக்கி 40,000. சிட்டி முடிந்துவிட்டதால் மாதத் தவணை மிச்சமாகுமே, அது 5,000 என்றால் எட்டு, ஒன்பது மாதத்தில் இதுவும் தீரும். நகை வீட்டுக்கு வந்ததும் “சும்மாதானே கிடக்கிறது, ஒரு வருஷத்துக்குத் தாருங்கள்” என்று கேட்க உறவில் யாராவது வருவார்கள். மீட்டதை ஊருக்குச் சொல்ல வேண்டாம்.

இனி இன்சூரன்ஸ். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று ஒரு பாலிசி இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இதை ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அடிப்படையிலேயே அடக்கம். மரம் விழுந்து உடைந்தாலும் உண்டு. காம்பவுண்டுச் சுவரும் வீட்டோடு சேர்ந்த கட்டுமானம்தான்; காப்பீட்டுத் தொகை போடும்போது அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தொகை என்றதும் பலர் நிலத்தின் விலையையும் கூட்டிச் சொல்கிறார்கள். நிலத்தைப் புயல் கொண்டுபோகாது. திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. உங்கள் பக்கத்தில் சதுர அடிக்கு 2,200 என்று வைத்தால் 22 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4,40,000 வரை வீட்டுச் சாமான்களுக்குத் தனியாகப் பட்டியல் தராமலே கிடைக்கும் (இதற்கு 10 லட்சம் உச்சவரம்பு). நகை இதில் வராது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லட்சத்துக்கு 50 ரூபாய் என்று போட்டால் 1,100, வரியோடு சுமார் 1,300. நகைக் கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டியோ வருஷம் 28,800. ஒரு வருஷ வட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் பிரீமியம் கட்டிவிடலாம். புயல் வராவிட்டால் அந்த 1,300 திரும்பி வராதுதான், போகட்டும். மழைக்கு எடுத்துப்போன குடையை நனையாமல் திரும்பக் கொண்டுவந்தால் வீண் என்றா சொல்வோம்?

கொழுந்தனாரின் யூலிப் ஆயுள் காப்பீடு. அயனி மரம் அடுக்களையில் விழுந்தால் அதிலிருந்து ஒரு ஓட்டுக்குக்கூடக் காசு வராது. ஐந்து வருஷம் பணத்தை எடுக்கவும் முடியாது. சந்தை இறங்கினால் உங்கள் பணமும் இறங்கும். வருஷம் 50,000 பாலிசியில் ஏஜென்டுக்குக் கிடைப்பதையும் 1,300 ரூபாய் பாலிசியில் கிடைப்பதையும் ஒப்பிட்டால், வீட்டுப் பாலிசியை ‘வீண்’ என்று அவர் ஏன் சொல்கிறார் என்பது புரியும். உறவு கெட வேண்டாம். “அவர் ஊருக்கு வந்ததும் பேசிக்கலாம்” என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

பேங்கில் போட்ட பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். கணவர் பெயரும் பிறந்த தேதியும் போட்டு, வருஷத்துக்கு வருஷம் தொகை குறைகிற அட்டவணை இருந்தால், அது அவர் உயிருக்கும் கடனுக்கும் எடுத்தது; கட்டிடத்துக்கு இல்லை. வீட்டு முகவரியும் கட்டிடத் தொகையும் இருந்தால்தான் வீட்டுக்கு. அப்படி இருந்தால் இன்னொன்று எடுக்காதீர்கள், தேதி முடிந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் அடுக்களை ஓட்டுக்கூரை என்று மறைக்காமல் எழுதுங்கள். பழைய ஓடு வழியாகச் சாதாரண மழையில் ஒழுகினால் இந்தப் பாலிசி தராது, அது தேய்மானம். நிற்கிற மரத்தை வெட்டவும் தராது. விளைக்காரரிடம் பேசி, வீட்டுப் பக்கம் நீட்டியிருக்கும் கொம்புகளை மழைக்கு முன்பே இறக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சேதம் நடந்தால் மரத்தை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், சேதத்தை மதிப்பிட வரும் கம்பெனி சர்வேயர் பார்க்கும்வரை ஆளைக் கூப்பிட்டுப் புதுப்பிக்காதீர்கள். மழை உள்ளே வராமல் தார்ப்பாய் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. அந்த ரசீதையும் வையுங்கள். ஒக்கிக்குப் பிறகு உங்கள் மாவட்டத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும், செல்போனும் உதவாது. அதனால் பாலிசி நகலும் கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியும் குவைத்தில் உங்கள் கணவர் கையில் இருக்கட்டும். இங்கே போன் செத்துக் கிடந்தாலும் அங்கிருந்து அவர் அன்றைக்கே தகவல் கொடுத்துவிடலாம்.