முழுநேரம் உழைத்தும் உதவித்தொகை வாங்குவது அவமானமா?

கேள்வி: அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கிறேன். முழுநேர வேலை. இரண்டு பிள்ளைகள். கணவருக்கு நிலையான வேலை இல்லை. வாடகை போக மிஞ்சுவது மாதத்தின் மூன்றாவது வாரம் வரைதான் வரும். அதற்குப் பிறகு அரசு தரும் உதவித்தொகையில்தான் ஓடுகிறது. உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாளில் என் அண்ணன், "நான் கட்டுற வரியிலதான் உன் வீட்டு அடுப்பு எரியுது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவரும் பெரிய சம்பளக்காரர் இல்லை. வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டுவதால் அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அன்றிலிருந்து அந்தப் பணத்தைத் தொடவே கை கூசுகிறது. இதற்கிடையில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் ஏறும், ஆனால் உதவித்தொகை குறையும் அல்லது நின்றே போகும். வேலை உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? இல்லை, உதவித்தொகையை நானாகவே நிறுத்திக்கொள்வதுதான் மரியாதையா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். நீங்கள் நிறுத்துவதால் உங்கள் அண்ணன் கட்டும் வரி ஒரு காசு குறையப் போவதில்லை. பிள்ளைகளின் நான்காவது வாரம்தான் பாடாகிவிடும்.

அண்ணன் போட்ட கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார். கொடுப்பவர் அவர், வாங்குபவர் நீங்கள் என்று இரண்டு பேரோடு கணக்கை முடித்துவிட்டார். உங்களுக்குச் சம்பளம் தருகிறவர் எங்கே போனார்? ஒரு நிறுவனம் உங்கள் முழுநாள் உழைப்பையும் வாங்கிக்கொள்கிறது. பதிலுக்கு மூன்று வாரம் மட்டும் தாங்கும் தொகையைத் தருகிறது. மிச்ச வாரத்தை அரசு தாங்கிப் பிடிப்பதால்தான் நீங்கள் மறுமாதமும் அதே கட்டடத்துக்கு வேலைக்குப் போக முடிகிறது. அப்படியானால் அந்த உதவித்தொகையால் பலன் அடைகிறவர் நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் முதலாளியை மட்டும் யாரும் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்திக் கேட்பதில்லை.

இது உங்கள் ஒருவருடைய கதை இல்லை. அமெரிக்கக் காங்கிரஸின் கீழ் இயங்கும் அரசுத் தணிக்கை அலுவலகம், உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறுகிறவர்களைப் பற்றி 2020-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. அவர்களில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், சுமார் 70 சதவீதம் பேர் வாரத்துக்கு 35 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்கள். அவர்களுக்கு வேலை தந்தவர்களில் பெரிய சங்கிலிக் கடைகளும் துரித உணவகங்களும் இருந்தன. அந்த நாட்டில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு அது ஏறவே இல்லை. பல மாநிலங்கள் தாங்களாகவே கூட்டிக்கொண்டன என்பது வேறு விஷயம்.

இந்தச் சண்டையும் புதியதில்லை. 1795-ல் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்து, பிரான்சோடு போரும் நடந்துகொண்டிருந்தது. ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது. பெர்க்‌ஷயர் மாவட்டத்து நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்ற ஊரில் கூடி ஓர் அட்டவணை போட்டார்கள். ரொட்டி என்ன விலை விற்கிறது, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து, கூலியில் எவ்வளவு குறைகிறதோ அதை ஊர் வரியிலிருந்து ஈடுகட்டுவது என்பது ஏற்பாடு. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஜனங்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் கூலி இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு வரம்பை அவர்கள் போடவில்லை. பண்ணைக்காரர் கூலியை ஏற்றாவிட்டாலும் ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற நிலை வந்தது.

ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து ஓர் அரசு ஆணையம் இதை விசாரித்தது. பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? கூலி வாங்கியவர்கள் மேல். உதவி கிடைப்பதால் சோம்பேறி ஆனார்கள், யோசிக்காமல் பிள்ளை பெற்றார்கள் என்று எழுதினார்கள். அந்த ஆணையம் திரட்டிய விவரங்களையே 1960-களில் மார்க் பிளாக் என்ற பொருளாதார வரலாற்று ஆசிரியர் திரும்ப எடுத்து ஆராய்ந்தார். அறிக்கையின் முடிவுகளுக்கு அதில் ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். ஆனால் 1834-லேயே புதிய சட்டம் வந்து வேலையைக் காட்டிவிட்டது.

அந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கை கூசுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. உதவி வாங்குகிறவரின் நிலைமை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலைமையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் கொள்கையாகவே வைத்தார்கள். உடம்பில் தெம்பு இருப்பவருக்கு உதவி வேண்டுமென்றால் ஏழைகள் விடுதிக்குள் போய்த்தான் ஆக வேண்டும். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். எல்லோருக்கும் சீருடை. நிவாரணம் வாங்கியவருக்கு ஓட்டும் கிடையாது. அந்தத் தடை 1918-ல்தான் போனது. கேட்க வருகிறவர் வாசலிலேயே தயங்கித் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆக, அவமானம் தானாக வந்து ஒட்டிக்கொண்டதில்லை. செலவைக் குறைக்கும் கருவியாக அதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

இதே நாட்டில், 70 வயது கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு 1909 ஜனவரி முதல் வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம் தர ஆரம்பித்தார்கள். அதைப் பழைய ஏழை நிவாரண அலுவலகத்தின் வழியாகத் தரவில்லை, தபால் நிலையத்தில் கொடுத்தார்கள். அங்கே வாங்க யாரும் கூசவில்லை. அதுவும் பொதுப்பணம்தான்.

சரி, "சும்மா பணம் கொடுத்தால் யார் வேலைக்குப் போவார்கள்" என்ற பேச்சு. உங்கள் விஷயத்தில் இது பொருந்தவே பொருந்தாது, நீங்கள் முழுநேரம் உழைக்கிறவர். இருந்தாலும் அடுத்த தடவை பேச்சு வந்தால் கைவசம் இருக்கட்டும். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் மற்ற சில ஆய்வாளர்களும் வளரும் நாடுகள் ஆறில் நடந்த ஏழு அரசுப் பண உதவித் திட்டங்களின் தரவுகளைச் சேர்த்து 2017-ல் ஆராய்ந்தார்கள். பணம் வந்ததால் ஆட்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பின்லாந்தில் 2017, 2018 இரண்டு வருடமும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்தாலும் அந்தப் பணம் நிற்காது. அவர்களும் மற்ற வேலையில்லாதவர்கள் அளவுக்கு வேலைக்குப் போனார்கள், சொல்லப்போனால் ஒரு துளி கூடுதலாகவே. மன நிம்மதியும் கூடியிருந்தது.

அப்புறம் வரி. நீங்களும் வரி கட்டுகிறவர்தான். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் விலைக்குள் வரி உட்கார்ந்திருக்கிறது. வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால், இந்த மறைமுக வரி குறைந்த சம்பளக்காரரைத்தான் அதிகம் அழுத்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. 1955-லேயே ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இதைச் சுட்டிக்காட்டினார். கையில் தரும் தொகையை மட்டும்தான் நாம் அரசு உதவி என்கிறோம். வசதியானவர்களுக்குக் கிடைக்கும் வரிச்சலுகையும் அதே அரசு விட்டுக்கொடுக்கும் பணம்தான், ஆனால் அதை யாரும் அப்படிக் கணக்கில் எழுதுவதில்லை. வரிச்சலுகை வாங்குகிறவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அப்படியானால் உதவித்தொகையை எடுத்துவிட்டுச் சம்பளத்தை மட்டும் ஏற்றினால் போதாதா என்று தோன்றலாம். போதாது என்பதே என் எண்ணம். சம்பளம் வேலைக்குத் தருவது. வீட்டில் இரண்டு பிள்ளையா, நான்கு பிள்ளையா, படுக்கையில் நோயாளி இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. முதலாளி அதைப் பார்த்துத்தான் சம்பளம் தர வேண்டும் என்று விதி வைத்தால், பிள்ளைக்காரர்களை யாரும் வேலைக்கே எடுக்க மாட்டார்கள். அந்தத் தேவைக்கு அரசுதான் வர வேண்டும். ஆனால் கூலிக்கு அடிமட்டம் ஒன்றைப் போடாமல் உதவியை மட்டும் கொடுத்தால் அதில் ஒரு பங்கு முதலாளியின் பைக்கு ஒழுகும். 1909-ல் பிரிட்டனில் சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது வின்ஸ்டன் சர்ச்சில் சொன்ன காரணமும் யோசிக்க வேண்டியது: அடிமட்டம் இல்லாத இடத்தில் நல்ல முதலாளியை மோசமானவர் வீழ்த்துவார், அவரை அவரைவிட மோசமானவர் வீழ்த்துவார்.

கூலியை ஏற்றினால் வேலையே போய்விடும் என்று பயமுறுத்துவதும் உண்டு. 1992-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றியது. அங்கேயும் பக்கத்து பென்சில்வேனியாவிலும் உள்ள துரித உணவகங்களைப் பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஒப்பிட்டுப் பார்த்ததில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

இப்போது சூப்பர்வைசர் வேலைக்கு வருவோம். "உழைப்பவர் உயர்வை மறுக்கலாமா" என்று யாராவது உபதேசம் செய்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இதில் முதலில் பார்க்க வேண்டியது கணக்கு. உதவித்தொகை எப்படிக் குறையும் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சில திட்டங்களில் படிப்படியாகக் குறையும். பிரிட்டனில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கான உதவித்தொகையில், ஓர் அளவுக்கு மேல் வரும் ஒவ்வொரு 100 பவுண்டு வருமானத்துக்கும் 55 பவுண்டு கழித்துக்கொள்கிறார்கள். வருமான வரியும் பிடித்தால் கையில் நிற்பது 45-க்கும் கீழே போகும். குறைவுதான், ஆனாலும் மேலே ஏறுகிறது. வேறு சில திட்டங்கள் அப்படியில்லை. அதே நாட்டில் நோயாளிகளையும் முதியவர்களையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு தொகை உண்டு. சம்பாத்தியம் வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் முழுத் தொகையும் போய்விடும். அது தெரியாமல் சில பவுண்டு கூடுதலாகச் சம்பாதித்தவர்களிடம், வருடக்கணக்கில் கழித்து ஆயிரக்கணக்கான பவுண்டைத் திருப்பிக் கேட்ட விவகாரம் 2024-ல் பெரிதாக வெடித்தது.

உங்களுடையது இதில் எந்த வகை என்று உதவித்தொகை அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். புதிய சம்பளத்தைக் குறிப்பிட்டு, இவ்வளவு வந்தால் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அந்த உதவித்தொகையை ஒட்டி வேறு என்னென்ன கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகளின் கட்டணச் சலுகை, மருந்துச் செலவு, வாடகைச் சலுகை போன்றவை பெரும்பாலும் அதோடு சேர்ந்தே போகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். புதிய வேலையால் கூடும் செலவும் உண்டு. நேரம் மாறினால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கலாம். மறுபக்கத்தில், ஓய்வூதியத்துக்கான பிடித்தமும் நிறுவனத்தின் பங்கும் கூடுமா, சம்பளத்தோடு விடுப்பு உண்டா, வேலை நேரம் நிலையாக இருக்குமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்படியாகக் குறையும் திட்டம் என்றால் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் வருடம் கையில் பெரிதாகக் கூடாது. ஆனால் அடுத்த உயர்வும், வேறு இடத்தில் கேட்கும் சம்பளமும் இந்தப் புதிய தொகையிலிருந்துதான் தொடங்கும். மொத்தமாக நின்றுபோய் மாத முடிவில் இப்போதைவிடக் குறைவாக நிற்கும் என்றால், ஏற்காமல் இருப்பது சோம்பேறித்தனம் இல்லை. அப்போதும் உடனே மறுத்துவிடாமல் நிறுவனத்திடம் பேசிப் பாருங்கள். வரம்பைத் தாண்டுவதால் போகும் தொகையை ஈடுகட்டும் அளவுக்குச் சம்பளம் கேளுங்கள். சங்கம் இருந்தால் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். சூப்பர்வைசர் தேவைப்படுவது அவர்களுக்கு.

ஏற்றுக்கொண்டால் வருமானம் கூடிய விவரத்தை உடனே அலுவலகத்துக்குத் தெரிவித்து, தெரிவித்ததற்கான ரசீதையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். அவர்கள் தொகையைத் திருத்தும் வரைக்கும் பழைய தொகையே வந்துகொண்டிருக்கும். அந்தக் கூடுதலை மட்டும் தொட வேண்டாம், திருப்பிக் கேட்பார்கள்.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொன்ன இடமும் விதமும் தவறு. ஆனால் அவருடைய எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. கோட்டுக்கு ஒரு அங்குலம் மேலே நிற்கிறவரின் நிலைமைதான் இந்த ஏற்பாட்டில் பரிதாபம். அவரும் உங்களைப் போலவே மாதக் கடைசியில் திண்டாடுகிறவராக இருக்கலாம், ஆனால் எந்தக் கணக்கிலும் ஏழை இல்லை. நல உதவிகளை வெறுத்துப் பேசுகிறவர்களில் பணக்காரர்களைவிட இப்படிக் கோட்டை ஒட்டி நிற்கிறவர்கள் அதிகம் என்று எனக்குப் படுகிறது. அவரோடு சபையில் வாதாட வேண்டாம். தனியாக இருக்கும்போது, உங்கள் சம்பளச் சீட்டையும் வாடகை ரசீதையும் காட்டிப் பேசுங்கள். அவர் தன்னுடையதையும் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. உங்களுக்கு வரும் தொகைக்கு வரம்பைத் தாண்டியவர் என்பதால் எல்லாவற்றுக்கும் தாண்டிவிட்டார் என்று ஆகாது. பிள்ளைகளுக்கான தொகை, வாடகை உதவி போன்றவற்றுக்கு வரம்பு வேறாக இருக்கலாம். உங்கள் கணக்கைக் கேட்க அலுவலகத்துக்குப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவருக்கு எதற்கெல்லாம் தகுதி இருக்கிறது என்று விசாரியுங்கள்.