வாசகர் கேள்வி: உயிர்வேதியியல் படித்துப் புற்றுநோய் ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஆச்சி நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்காக நான்கு ஆண்டுகளாக இமாடினிப் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இன்றும் சமையல் அவர் கையில்தான். அந்த மாத்திரையைப் பற்றிப் படித்ததிலிருந்து செல் சமிக்ஞை ஆய்வுக்குப் போக ஆசை. ‘டாக்டருக்குப் படிக்காதவள் புற்றுநோயில் என்ன செய்துவிட முடியும்? பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போ’ என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: ஆச்சியின் மாத்திரைக்கு வழி திறந்தவர்களில் பலர் உங்களைப் போல உயிர்வேதியியல் படித்தவர்களே என்பதை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற டோனி ஹன்டர், 1979-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில், பாலியோமா வைரஸின் புரதத்தில் பாஸ்பேட் எந்த அமினோ அமிலத்தின்மேல் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். செரின், திரியோனின் ஆகிய இரண்டின்மேல்தான் ஏறும் என்பதே அன்றைய பாடம். அமினோ அமிலங்களைத் தகட்டில் ஓடவிட்டுப் பிரிக்கும் பழைய பஃபர் கரைசலையே அவர் மீண்டும் பயன்படுத்தியதால், 1.9 ஆக இருக்க வேண்டிய அதன் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 1.7-க்கு இறங்கியிருந்தது, வழக்கமாகத் திரியோனினோடு ஒட்டியே ஓடும் டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலத்தின் புள்ளி, அந்தச் சிறிய மாற்றத்தால் தகட்டில் தனியே பிரிந்து நின்றது. அந்தப் புள்ளியைப் பிழையென்று ஒதுக்காமல் அவர் துருவிப் பார்த்ததால்தான் டைரோசினின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் டைரோசின் கைனேஸ் என்னும் நொதிக் குடும்பம் வெளிச்சத்துக்கு வந்தது. நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தப் புள்ளியின் கதையைத்தான்.

அப்பா வயல் பார்ப்பவராக இருந்தால், கன்னடியன் கால்வாயின் மடையைக் காட்டி இதை விளக்கிவிடலாம். பலகையைத் தூக்கினால் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். செல்லுக்குள் ‘வளர்’ என்ற கட்டளையும், புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதாலும் இறங்குவதாலும், அப்படித்தான் திறந்து மூடுகிறது. ஆச்சிக்கு வந்த நோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பி.சி.ஆர்–ஏ.பி.எல். என்ற கைனேஸ் உருவாகிறது; அது தூக்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்ட பலகை. கைனேஸுக்குப் பாஸ்பேட்டைத் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு போய் உட்கார வேண்டிய குழியில் இமாடினிப் போய் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. உயிர்வேதியியலாளர் நிக்கோலஸ் லைடனும் மருத்துவர் பிரையன் ட்ரக்கரும் முன்னின்று வளர்த்த அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. தகட்டில் புள்ளி தெரிந்ததிலிருந்து கணக்கிட்டால் 22 ஆண்டுகள்.

அந்தக் காலக்கணக்கை நீங்களும் மனத்தில் வைக்க வேண்டும். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, பிறகு பெரும்பாலும் ஒரு முதுமுனைவர் ஆய்வு என்று, நிரந்தர வேலை அமைவதற்குள் முப்பது வயதைத் தாண்டிவிடும். பொங்கலன்றும் யாராவது ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் செல்களுக்கு மீடியம் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் அப்பா கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை: சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் என்று 2023-இல் உயர்த்தப்பட்ட உதவித்தொகை கிடைக்கும். வெகுதூரம் அனுப்ப வீட்டில் தயங்கினால், நமக்கு எட்டும் தூரத்தில் திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் புற்றுநோய் ஆய்வு நடக்கிறது.

பி.எட். படிப்பைப் பிறகும் படிக்கலாம். இந்த ஆண்டே, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் பிப்பெட் பிடித்துப் பார்த்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு எழுதலாம். அதன் பயோடெக்னாலஜி தாளில் கணிதமும் இயற்பியலும் வரும் என்பதால், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.