வீடு உங்களுடையது, மனை யாருடையது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடு வாங்குவது, விற்பது பற்றித்தான். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் நம் பக்கத்துப் பத்திர ஆபீஸ்களில் கூட்டம் நெரியும், அதற்கு முன்னால் சிலவற்றுக்காவது பதில் சொல்லிவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு, 18 லட்சத்துக்குப் பேசி முடித்துவிட்டோம். மனை கோயிலுக்குச் சொந்தம், வீடு மட்டும்தான் நமக்கு என்று இப்போதுதான் தரகர் சொல்கிறார். மூன்று தலைமுறையாக அனுபவிக்கிறார்கள், வீட்டு வரி, கரன்ட் பில் எல்லாம் அவர்கள் பேரில் இருக்கிறது, வில்லங்கமும் சுத்தம், இந்தத் தெருவில் எல்லாருமே இப்படித்தான் வாங்கினார்கள் என்கிறார். வாங்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

தம்பி, அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாய் நகர்த்தாதீர்கள்.

கும்பகோணமோ மயிலாடுதுறையோ திருவாரூரோ, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏகப்பட்ட வீடுகள் கோயில் மனையிலோ மடத்து மனையிலோதான் நிற்கின்றன. அந்தக் காலத்தில் மனையைத் தரை வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தக் காசு போட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். கட்டடம் கட்டினவருடையது, மண் சுவாமியுடையது. ஆகவே உங்களுக்கு விற்பவர் கொடுக்க முடிந்தது செங்கல், ஓடு, உத்திரம், கதவு, ஜன்னல், அவ்வளவுதான். மண்ணை அவர் எப்படி விற்பார்? அது அவரிடம் இல்லையே.

மூன்று தலைமுறை அனுபவம் என்ற பேச்சைத்தான் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். வாடகைக்கு வந்தவர் எத்தனை காலம் இருந்தாலும் வாடகைதாரர்தான். அதோடு, 1959-ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தில் 109-வது பிரிவைப் பாருங்கள். இத்தனை வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று கெடு வைக்கும் கால வரையறைச் சட்டம், கோயில் தன் சொத்தை மீட்கப் போடும் வழக்குக்குப் பொருந்தாது. எதிரிடை அனுபோகம், அதாவது இவ்வளவு காலம் அனுபவித்ததால் எனக்கே சொந்தம் என்ற வாதம், அங்கே எடுபடாது. கோயில் நிர்வாகமே நினைத்தாலும் அப்படி எழுதிக் கொடுத்துவிட முடியாது, விற்கவோ அடமானம் வைக்கவோ 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ 34-வது பிரிவின்படி ஆணையரின் அனுமதி வேண்டும். வீட்டு வரி ரசீதும் கரன்ட் பில்லும் அங்கே யார் இருக்கிறார் என்பதைத்தான் காட்டும்.

அப்புறம் வில்லங்கம். வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். கோயில் மனை பெரும்பாலும் பழைய மானியமாக வந்தது, யாரும் பத்திர ஆபீசுக்குப் போய்ப் பதிவு செய்து கொடுத்ததில்லை, அதனால் கோயிலின் பேர் வில்லங்கத்தில் வராமலே போகலாம். வருவாய்த் துறைப் பதிவேடுகளைப் பாருங்கள். நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேடு, கிராமம் என்றால் ‘அ’ பதிவேடு. சர்வே எண்ணைப் போட்டு அரசின் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். பிறகு நேரே கோயில் அலுவலகத்துக்குப் போய்ச் செயல் அலுவலரிடம் அந்த மனை கோயிலின் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா, வாடகை பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பாக்கி பல வருஷத்துக்கு நிற்கும், நியாய வாடகை என்று உயர்த்தி நிர்ணயித்த தொகையைக் கட்டாமல் விட்டிருப்பார்கள், கடைசியில் அந்தச் சுமை வீட்டுக்குள் குடி வருபவரின் தலையில் வந்து விழும். ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, கிராஜுவிட்டிப் பணம் முழுவதையும் போட்டு இப்படி ஒரு வீட்டை வாங்கிவிட்டு, கோயிலிலிருந்து வந்த நோட்டீசோடு என் எதிரில் உட்கார்ந்து அழுதார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த வீடுதான் வேண்டும் என்றால், உங்களை வாடகைதாரராக ஏற்றுக்கொள்கிறோம் என்று கோயிலிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள், பாக்கியை விற்பவர் கட்டி முடிக்கட்டும், கட்டடத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். 18 லட்சத்தில் மண்ணின் விலை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வங்கிக் கடனை நம்பியிருக்காதீர்கள்.

அப்பா 2011-இல் உயில் எழுதாமல் தவறிவிட்டார். மன்னார்குடி வீட்டை அண்ணன்கள் இருவரும் விற்கிறார்கள். எனக்கு 1985-இல் கல்யாணம் ஆகிவிட்டது, நகையும் சீரும் செய்தாச்சு, கையெழுத்துத் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? (வாசகி, மன்னார்குடி)

இல்லை அம்மா, உங்களுக்குப் பங்கு இருக்கிறது.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு என்றால் விஷயம் எளிது. உயில் இல்லாததால் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன்கள், நீங்கள் எல்லாருக்கும் சமபங்கு, அப்பாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று. கல்யாணம் எப்போது நடந்தது என்ற கேள்வியே அங்கே கிடையாது. நகை, சீர் போட்டதால் பங்கு கரைந்துவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பூர்வீகச் சொத்து என்றால் ஊரில் இன்னும் பழைய கணக்கைச் சொல்வார்கள். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களை வெளியே வைத்தது உண்மைதான். ஆனால் 2005-இல் மத்திய சட்டம் மகள்களையும் பிறப்பிலேயே பங்குதாரர் ஆக்கியது, அந்த வருஷம் செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் அதைக் கிளறுவது கஷ்டம். நீங்களாக விரும்பி அண்ணன்களுக்கு விட்டுக்கொடுத்தால் அதற்கு விடுதலைப் பத்திரம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும், வாய்ச்சொல் போதாது. அவசரப்படுத்தினார்கள் என்பதற்காக வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இதே மாதிரி வீட்டை வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொரு பேரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மைனர் பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள், அந்தப் பிள்ளை 18 வயதுக்குப் பிறகு வந்து கேட்கலாம்.

20 ரூபாய் பத்திரத்தில் கிரய அக்ரிமென்ட் எழுதி 2 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். 6 மாதக் கெடு. எழுதி இரண்டரை வருஷம் ஆகிவிட்டது, இப்போது விலை ஏறிவிட்டதால் எழுதித் தர மறுக்கிறார். அக்ரிமென்ட் பதிவாகவில்லை. (வாசகர், திருத்துறைப்பூண்டி)

கெடு முடிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு, அதாவது பேசினபடி கிரயம் எழுதித் தரச் சொல்லும் வழக்குப் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, ஆனால் அதுவரை காத்திருந்தால் இவ்வளவு நாள் சும்மா இருந்தது ஏன் என்று நீதிமன்றம் கேட்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய அக்ரிமென்டையும் பதிவு செய்தாக வேண்டும். இருந்தாலும் பதிவாகாத அக்ரிமென்டை இந்த மாதிரி வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் நம்பிக்கையை விடாதீர்கள். மீதிப் பணத்தோடு நீங்கள் எப்போதும் தயாராக இருந்தீர்கள் என்று காட்டியாக வேண்டும், இதில் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கில் பணம் இருந்ததற்கான பக்கங்களை எடுத்து வையுங்கள், இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

வீட்டு விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தை வாங்கினவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் வரலாம். கொடுத்த உங்களுக்கோ, அவர் வாங்கவே இல்லை என்று சாதித்தால் நிரூபிப்பதே பெரும்பாடு.

பழைய பத்திரத்தில் கீழமேல் 2 கோல், தென்வடல் 5 கோல், ஆக 10 குழி என்று இருக்கிறது. எத்தனை சதுர அடி? (வாசகர், நீடாமங்கலம்)

12 அடிக் கோல் என்றால் ஒரு குழி 144 சதுர அடி. 10 குழி 1,440 சதுர அடி, சுமார் 3.3 சென்ட். (100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி.) கோலின் நீளம் பத்திரத்தில் வேறாக எழுதியிருந்தால் கணக்கு மாறும். அளவுக்கும் நாலு எல்லைக்கும் ஒத்துவராவிட்டால் பொதுவாக எல்லைதான் செல்லும், எனவே சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து வீட்டோடு இருப்பது பொதுச்சுவரா தனிச்சுவரா என்பதையும் புதுப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

கிரயத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும்? (வாசகர், தஞ்சாவூர்)

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. விலையைக் குறைத்து எழுதச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள், பிறகு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

எனக்கு 71 வயது. கடைசி வரை பார்த்துக்கொள்கிறேன், வீட்டை என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடு என்று மகன் கேட்கிறான். குடும்பத்துக்குள் என்றால் செலவும் குறைவாமே? (வாசகி, வலங்கைமான்)

செலவு குறைவுதான் அம்மா, தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஆனால் எழுதிக் கொடுத்து அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிவிட்டுக் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருப்பது முக்கியம். உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு உயில் எழுதி வையுங்கள். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கூடக் கட்டாயமில்லை, வீடு உங்கள் பேரிலேயே இருக்கும், மனசு மாறினால் நாளைக்கே வேறு எழுதலாம். மகன் அதற்குக் கோபித்துக்கொண்டால் அந்தக் கோபத்தோடு ஒரு வருஷம் இருந்து பாருங்கள், செட்டில்மென்டை அப்புறம் யோசிக்கலாம்.