சுவருக்குள்ள எதை வெச்சா சத்தம் நிக்கும்?

கேள்வி: வணக்கம் சார். திருச்சியில வீடு கட்டிட்டு இருக்கோம், இப்ப லிண்டல் மட்டம் வந்திருக்கு. கீழ ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல நாலரை இன்ச் செங்கல் சுவர். மாடியில பெரிய ரூமை ஜிப்சம் போர்டு வெச்சு ரெண்டா பிரிச்சு, பொண்ணுக்கு படிக்கிற ரூம் எடுக்கலாம்னு பிளான். அப்பாவுக்கு காது மந்தம், டிவி சத்தமாதான் வைப்பார், ராத்திரி நாங்க தூங்கணும். இன்டீரியர்காரர் ரெண்டு சுவருக்கும் தெர்மோகோல் போதும்ங்கறார். கடையில கிளாஸ்வுல், ராக்வுல், ஃபோம் ஷீட்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை வாங்கறது?

பதில்: தெர்மோகோல் வேண்டாம்ங்க. அது வெயில் சூட்டுக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகாது, வெயிட்டும் கிடையாது, சத்தத்தை உறிஞ்சவும் செய்யாது, தீப்பிடிச்சா வேற ஆபத்து. மேடு பள்ளமா வர்ற ஃபோம் ஷீட் ரூமுக்குள்ள எதிரொலியை குறைக்கும், அவ்ளோதான், பக்கத்து ரூமுக்கு போற சத்தத்தை நிறுத்தாது. இந்த வித்தியாசத்தை சொல்லாமலே சவுண்ட்ப்ரூஃப்னு விக்கிறாங்க, காசு போன பிறகுதான் ஜனங்களுக்கு தெரியுது, எனக்கு அதுதான் ஆத்திரமா வருது.

கீழ இருக்கிற செங்கல் சுவருக்கு எதுவுமே வாங்க வேண்டாம். அங்க சத்தத்தை தடுக்கிறது சுவரோட வெயிட்டுதான். கல்லுக்கு கல்லு நடுவுல நிக்கிற சந்துல கலவை நல்லா நிரம்பியிருக்கான்னு நீங்களே நின்னு பாருங்க, ரெண்டு பக்கமும் பூச்சு தரையிலிருந்து மேல ஸ்லாப் வரைக்கும் விடாம வரணும், ஃபால்ஸ் சீலிங் வருதுன்னு மேல பூசாம விட்றுவாங்க. ஒன்பது இன்ச் கட்டினா 5, 6 டெசிபல் கூடுதலா குறையும், ஆனா காதுக்கு சத்தம் பாதியா தெரியணும்னா 10 டெசிபல் குறையணும், அதனால இடத்தை விட்டுக்கொடுத்து கட்டச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த சுவரை நாலு இன்ச் ஏஏசி பிளாக்கா, அதாவது உள்ள காத்துக்குமிழி நிறைஞ்ச லேசான சிமென்ட் கல்லா, மாத்திக்கலாமானு யாராவது கேட்டா ஒத்துக்காதீங்க. கன மீட்டருக்கு 550லருந்து 650 கிலோதான் அது, செங்கல் 1800 கிட்ட வரும்.

மாடி பார்ட்டிஷன் வேற கதை. உள்ள வெறுமையா விட்டா அது மேளம் மாதிரி, அங்கதான் வுல் வேணும், அதாவது கண்ணாடியையோ கல்லையோ உருக்கி இழையாக்கின பஞ்சு. கிளாஸ்வுல்லும் ராக்வுல்லும் சத்தத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் ராக்வுல் சொல்லுவேன், ஏன்னா அது பலகை மாதிரி கெட்டியா நிக்கும், கீழ சரியாது, எரியாது. 50 மில்லிமீட்டர் கனம், 48 டென்சிட்டி, அதாவது கன மீட்டருக்கு 48 கிலோ, போதும். கடைக்காரர் 96 டென்சிட்டி வாங்குங்கனு தள்ளுவார், அந்த காசுல ஒவ்வொரு பக்கமும் 12.5 மில்லி போர்டு ஒண்ணுக்கு ரெண்டா அடிச்சிருங்க, ஜாயின்ட் மேல ஜாயின்ட் வராம மாத்தி அடிக்கணும், பலன் இதுலதான் ஜாஸ்தி. பார்ட்டிஷன் ஃபால்ஸ் சீலிங்கோட நிக்காம ஸ்லாப்பை தொடணும், ஓரமெல்லாம் சீலன்ட் போடணும், ரெண்டு ரூம் ஸ்விட்ச் பாக்ஸும் முதுகோட முதுகா வரக்கூடாது. வேலை செய்றவங்களுக்கு மாஸ்க், கிளவுஸ் வாங்கிக் கொடுங்க, அரிக்கும்.

இவ்ளோ செஞ்சும் கதவுக்கு கீழ அரை இன்ச் சந்து இருந்தா எல்லாம் வீண். உள்ள காலியா இல்லாத கெட்டி ஃப்ளஷ் டோரா போடுங்க, நிலையை சுத்தி ரப்பர் பீடிங், கீழ கதவை சாத்தினா தானா இறங்குற டிராப் சீல். எனக்கு ஒரு ரூமுக்குதான் பட்ஜெட்னா சுவரை விட்டுட்டு முதல்ல கதவைத்தான் பார்ப்பேன்.

அப்புறம் டிவி. பெட்ரூம் சுவர்ல மாட்டாம எதிர் சுவர்லயோ வெளிச்சுவர்லயோ வர்ற மாதிரி பாயின்ட் எடுக்கச் சொல்லுங்க, லிண்டல்லதான நிக்குது, எலக்ட்ரீஷியன் இன்னும் காடி வெட்டியிருக்க மாட்டார்.