பைத்தான் நிரலை ஜாவாஸ்கிரிப்டுக்கு வரிக்கு வரி மாற்றினால் போதுமா?

பைத்தான் மொழியில் எழுதிய பாம்பன் படகுக் கணக்கு நிரலைப் போனில் ஓடும்படி ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழிக்கு மாற்றணும், அப்படியே வரிக்கு வரி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. நானும் மண்டபத்தில் இப்படி மாற்றி மாட்டிக்கொண்டவன்தான்.

நம்ம கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பைத்தானில் ஏப்ரல் என்றால் 4. ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கு எண்களைக் கொடுக்கும்போது மாதம் 0-வில் தொடங்கும்; அங்கே 4 என்றால் மே! எண்ணை அப்படியே எடுத்துப் போட்டதில் என் தடைக்காலம் மே 15-லிருந்து ஜூலை 14 ஆகிவிட்டது. கொடுமை என்னவென்றால், இரண்டுமே 61 நாள்தான். எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். படகெல்லாம் கரையில் கிடக்க, திரை மட்டும் 'கடலுக்குப் போகலாம்' என்றது. அப்போதுதான் உறைத்தது.

கிழமைக் கணக்கிலும் கவனம்: ஞாயிறு 0 என்றால், முந்தின நாளுக்கு (0 - 1) % 7 போட்டால் (% என்றால் வகுத்த மீதி) பைத்தான் 6 தரும், ஜாவாஸ்கிரிப்ட் -1 தரும். if நிபந்தனையில் காலிப் பட்டியலைக் கொடுத்தால் பைத்தானில் அது பொய் (false), ஜாவாஸ்கிரிப்டில் உண்மை (true).

ஏஐ மாற்றித் தந்தாலும் சரி, போன வருஷ ஏலச் சிட்டையை இரண்டு நிரலிலும் ஓட்டிப் பைசா வரை ஒப்பிடுங்கள். தேதிகளையும் சேர்த்துத்தான்.