சம்பளமில்லாத மார்க்கர்

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பகலில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலைக் கணக்கு எழுதுகிறேன். இரவில், சில ஆண்டுகளாகவே, செல்பேசியில் ‘வார் ரோபோட்ஸ்’ ஆடி வருகிறேன். அது இலவச விளையாட்டு. இதுவரை ஒரு ரூபாய்கூட அதில் நான் செலவழித்ததில்லை. பணம் போட்டுப் பெரிய ரோபோக்களை வாங்கி வருகிறவர்களைத் திறமையால் மட்டுமே எதிர்கொள்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தடித்த நாவல்களையும் ஒரே மூச்சில் வாசித்த எனக்கு இப்போது இருபது பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. சுடுகிற விளையாட்டு மனத்தைக் கெடுக்கும் என்கிறார் என் மாமா. இத்தகைய விளையாட்டுகளைக் கலை என்று கொள்ளலாமா? நான் இதை விட்டுவிட வேண்டுமா? நான் எழுதிய சிறுகதை ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

வாசிப்பு குறைந்துவிட்டது என்று வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், ஒரு ரூபாய்கூடச் செலவழித்ததில்லை என்ற அந்த வரி. கோடை விடுமுறைக்குக் குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தங்கையின் பேரனும் இதே விளையாட்டைத்தான் ஆடினான். இதே வரியை, இதே பெருமையோடு சொன்னான். அவன் ஊருக்குத் திரும்பிய பிறகும் அது என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது.

உங்கள் மாமாவின் கவலையை ஒதுக்கிவிடலாம். இரும்பு இரும்பைச் சுடுகிறது. அதைப் பார்த்துக் கொலைகாரர் ஆனவர் எவரையும் நான் அறியேன். கலையா இல்லையா என்ற கேள்வியை, அதை ஆடிப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் விமர்சகர்களுக்கு விட்டுவிடுங்கள்.

பேரனின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பல ஆட்டங்களைப் பார்த்தேன் என்பதால், அதன் நேர்த்தியை நான் மறுக்கமாட்டேன். ஆறு பேருக்கு எதிராக ஆறு பேர், பத்து நிமிடம், களத்தில் கைப்பற்ற வேண்டிய, பீக்கன் எனப்படும் ஐந்து மையங்கள். எந்திரங்கள் மனிதர்களைப் போல் ஓடிக் குதிக்காமல் கனமாக அடியெடுத்து வைப்பதால், தவறான தெருவுக்குள் நுழைந்துவிட்ட ஒருவனால் சட்டென்று திரும்பி வர முடியாது. ஆகவே நுழைவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும். இலகுவான ரோபோ பீக்கனை நோக்கி ஓட, கனத்த ரோபோ கட்டடத்தின் மறைவில் நின்று எதிரியின் ஏவுகணைகள் தீர்ந்து மீண்டும் நிரம்பும் இடைவெளிக்காகக் காத்திருக்கிறது. பேரன் அந்த இடைவெளியை எண்ணாமல் எண்ணக் கற்றிருந்தான். அது அறிவுதான், மலிவான அறிவும் அல்ல.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஹேங்கர் என்ற கொட்டகைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு ரோபோவையும், அது தாங்கும் ஒவ்வொரு ஆயுதத்தையும் படிப்படியாக உயர்த்த வேண்டும். அதற்கு வெள்ளி என்ற விளையாட்டுக் காசு வேண்டும், நேரம் வேண்டும். மேல்படிகளில் அந்த நேரம் நாட்கணக்கில் நீள்கிறது. தங்கம் என்ற இன்னொரு விளையாட்டுக் காசு இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. தங்கம் ஆட்டத்தில் துளித்துளியாகவும் கடையில் குடம்குடமாகவும் கிடைக்கிறது. இந்த விளையாட்டு 2014இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 2016இல், இதை உருவாக்கிய பிக்சோனிக் நிறுவனத்தை ரஷ்யாவின் மெயில்.ரு குழுமம் 3 கோடி டாலருக்கு வாங்கியது. யாரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்காத ஒன்றுக்கு அவ்வளவு விலை எப்படி வந்தது என்று, இலைக் கணக்கில் கிலோவுக்குக் கிலோ சரிபார்க்கும் நீங்கள் ஒரு நாளாவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமா?

என் அப்பா இந்த மலையில் இருந்த ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக வேலை பார்த்தார். பில்லியர்ட்ஸ் மேசையிலேயே ஆடப்படும் ஸ்னூக்கர் நம் மலைக்கு அந்நியமானதல்ல; 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லெய்ன் என்ற இளம் ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த அந்த ஆட்டத்தின் விதிகள், 1882இல் உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில்தான் எழுதி மாட்டப்பட்டன. (பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லெய்ன் வேறு ஆள்.) அப்பாவின் கிளப் அவ்வளவு புகழ் பெற்றதல்ல. மழைக்காலத்தில் மேசைத் துணி ஈரத்தை உறிஞ்சிப் பந்தின் ஓட்டத்தைக் குறைத்துவிடும் என்பதால், அவர் காலையில் முதலில் சென்று, துணியின் மயிர்ப்போக்கிலேயே தூரிகையால் தடவி, கனத்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவைப்பார். பிறகு கியூ கோல்களைத் துடைப்பார். மாலையில் உறுப்பினர்கள் ஆடும்போது புள்ளிகளை உரக்கச் சொல்லிப் பலகையில் குறிப்பார். துணைக்கு ஆள் இல்லாமல் யாராவது தனியாக வந்துவிட்டால், அவரோடு ஆடவும் வேண்டும்.

அப்பா அந்த மலையிலேயே நன்றாக ஆடக்கூடியவர்களில் ஒருவர். உறுப்பினர்களில் பலருக்கு அது தெரியும். அக்கால வழக்கப்படி வலியவன் மெலியவனுக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே புள்ளிகள் கொடுப்பான். நூறு புள்ளி ஆட்டத்தில் அப்பா இருபதோ முப்பதோ விட்டுக்கொடுப்பார். அதற்குப் பிறகும் தோற்பார். பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவரோடு அவர் ஆடியதைச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போன நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே விழச்செய்யக்கூடிய ஒரு பந்தை, மேசையோரப் பையின் உதட்டில் தட்டி வெளியே வரும்படி, மயிரிழை மட்டும் தள்ளி அடித்தார். துரை நாக்கைச் சப்புக்கொட்டி அனுதாபப்பட்டார்; பிறகு ஜெயித்தார். பந்தை விழச்செய்வதைவிட அப்படி விழாமல் செய்வது கடினம் என்பது எனக்கு அந்த வயதிலேயே புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். “அவர் தோத்தா நாளைக்கு வரமாட்டார். அவர் வரலைன்னா எனக்கு அங்க என்ன வேலை?” என்றார்.

பணம் போட்டவருக்கு எதிராகத் திறமையை மட்டும் நம்பி நிற்கிறேன் என்று எழுதுகிறீர்களே, அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று இப்போது தெரிகிறதா? தங்கம் வாங்கியவர் அந்தத் தங்கத்தின் பயனை யார்மீது காட்டுவார்? தங்கம் வாங்கியவர்கள் மட்டும் ஒருவரோடொருவர் மோதினால் அது வெறும் சமநிலை. கொடுத்த காசுக்கு மகிழ்ச்சி கிடைக்காது. களத்தில் பன்னிரண்டு பேர் எந்த நேரமும் நிறைந்திருக்க வேண்டும். அவர்களில் சிலர் காசு கொடுக்காதவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எளிதில் சலித்துப் போய்விடாத அளவுக்கு அவ்வப்போது ஜெயிக்கவும் வேண்டும். நீங்கள் அந்த விளையாட்டின் வாடிக்கையாளர் அல்ல. அவர்கள் வாடிக்கையாளருக்கு விற்கும் சரக்கில் ஒரு பகுதி. மார்க்கராகத்தான் இருக்கிறீர்கள். என் அப்பாவுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது, தீபாவளிக்கு வேட்டி கிடைத்தது. உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

வெற்றிக்கு ஏற்ப லீக் பிரித்துச் சமமானவர்களோடுதான் மோதவிடுகிறார்கள் என்று பேரன் வாதாடினான். நீங்களும் அதையே சொல்வீர்கள். அந்தச் சமம் எதனால் ஆனது என்று பாருங்கள். பணத்தால் ஏறியவரும் திறமையால் ஏறியவரும் ஒரே படியில் சந்திக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் தூக்கத்தைக் கெடுத்து நீங்கள் சேர்த்த திறமை முழுவதும், அவர் ஒரு மாலையில் வாங்கியதை ஈடுகட்டுவதிலேயே செலவாகிவிடுகிறது. நீங்கள் இன்னும் தேர்ந்தால் இன்னும் அதிகமாக வாங்கியவர் எதிரில் வருவார். பழைய ஆட்டத்தில் வலியவன் விட்டுக்கொடுத்தான். இங்கே விட்டுக்கொடுக்கும்படி வலியவனைக் கேட்பதுகூட இல்லை, அவனிடமிருந்து அந்த முப்பது புள்ளியைப் பிடுங்கி, காசு கொடுத்தவன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். என் அப்பாவாவது தோற்பதைத் தானே தீர்மானித்தார்.

எல்லா ரோபோ விளையாட்டுகளும் இப்படியல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும். ‘மெக்வாரியர் ஆன்லைன்’ விளையாட்டில் எல்லா ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் இயக்கினால் எந்திரம் சூடேறி நின்றுவிடும். யார் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் அந்தச் சூடு பொது. அந்த வகை விதிகளை நான் மதிக்கிறேன். ‘ஹாக்கன்’ என்று ஒன்று இருந்தது. இலவசமாகவே 2012இல் வந்தது, பார்ப்பதற்கு மிக அழகானது என்றும் பெயரெடுத்தது. 2018 ஜனவரியில் அதன் கணினிப் பதிப்புக்கான சேவையகங்களை நிறுத்தினார்கள். அங்கே பணம் கொடுத்து வாங்கிய எந்திரங்களை இயக்க இடமில்லாமல் போயிற்று. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் எண்ண வேண்டாம். பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு வாங்கும் முறையைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டமோ ரம்மியையும் போக்கரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பணம் உள்ளே மட்டுமே போய்த் திரும்பி வராத ஆட்டம் அதன் கண்ணில் படுவதில்லை.

விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. இரவில் ஓர் ஆட்டமோ இரண்டு ஆட்டமோ ஆடுங்கள். பத்து நிமிட ஆட்டத்தால் யாருடைய வாசிப்பும் கெட்டதில்லை. உங்கள் இருபது பக்கங்களைத் தின்பது ஆட்டத்துக்கு நடுவே நீங்கள் ஹேங்கரில் நின்று எண்ணும் மணிநேரங்கள். காசு கொடுக்காததால் தப்பித்துவிட்டேன் என்று மட்டும் இனி எனக்கு எழுதாதீர்கள், கோபம் வருகிறது.

கதையை வாசித்தேன். மழை நாளில் கொண்டுவந்த இலைக்கு ஈரம் என்று சொல்லி எடை கழிக்கும்போது, கணக்கு எழுதுகிறவன் தன் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பேரேட்டைப் பார்க்கும் இடம் மிக நன்றாக இருக்கிறது. அதை என்னால் எழுதியிருக்க முடியாது. அவன் கனவில் ரோபோவாக மாறும் கடைசி நான்கு பக்கங்களை நீக்கிவிட்டு, அந்தச் சித்தப்பா மறுநாளும் அதே தொழிற்சாலைக்கே இலை கொண்டுவருகிறாரா என்பதை எழுதி அனுப்புங்கள்.